இறக்கத்தில் இடது பிடியை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும்: லாண்ட்மாஸ்டர் காயங்களின் பின்னணி

கிழக்கிலங்கையில், படுவான்கரையிலோ சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகளிலோ, ஒருவர் லாண்ட்மாஸ்டர் எனும் கை உழவு இயந்திரத்தில் அடிபட்டால் காரணம் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கவனயீனம். பல வருடம் மெசின் பிடித்தவரின் காலை, பின்னால் சுற்றி மண் கிளறும் ரொட்டவேட்டர் இழுத்திருக்கும், போன போகம் பழகிய பொடியன் ஒரு கீறலும் இல்லாமல் நிற்பான். அப்போதும் கவனயீனம் என்றே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கை உழவு இயந்திரத்தில் சில இடங்கள் உண்டு. அங்கே நம் கையும் காலும் தன்னிச்சையாகச் செய்வதே பிழையாகிப் போகும். கவனமாக இருப்பவருக்கும் கை அப்படித்தான் போகும். அந்த இடங்கள் எவை, ஏன் அப்படி நடக்கிறது என்பது தெரியாமல் "பார்த்து ஓட்டு" என்று சொல்வதில் பயன் குறைவு.

முதலில் மெசினைப் பார்ப்போம். இங்கே ஓடுபவற்றில் அதிகமானவை ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்டவை. வலு 8 முதல் 15 குதிரைவலு வரை. ரொட்டவேட்டர் பூட்டிய 12 குதிரைவலு மெசின் ஒன்று ஏறத்தாழ அரைத் தொன் நிறை. எஞ்சினின் பிளைவீலிலிருந்து மூன்று பெல்ட்டுகள் கிளச் கப்பியைச் சுற்றுகின்றன. பிரதான லீவரை முன்னே தள்ளினால் கிளச் பிடிக்கும், பின்னே இழுத்தால் விடும், இன்னும் இழுத்தால் பிறேக். இரண்டு கைபிடிகளின் கீழும் ஒவ்வொரு சிறிய லீவர் இருக்கிறது. அவைதான் திருப்பும் பிடிகள். 1950களில் லாண்ட்மாஸ்டரை வடிவமைத்த இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) மனதில் வைத்தது, எருமைக்குப் பதிலாகச் சேற்றில் போகும், பின்னால் ஒருவர் நடந்து செலுத்தும் ஓர் இயந்திரத்தை. பின்னால் இழுபடும் பெட்டியை (டிரெயிலரை)க் கொழுவி நெல் மூடையும் ஆட்களும் ஏற்றி ஏ4 பிரதான வீதிக்குக் கொண்டுவந்தபோது மெசினின் வேலை மாறியது. பிறேக்கும் திருப்பும் முறையும் மாறவில்லை.

திருப்பும் பிடி

இடது பிடியை அழுத்தினால் இடது சில்லுக்குப் போகும் வலு அறுந்துவிடும். வலது சில்லு தொடர்ந்து தள்ளும். ஆகவே மெசின் இடப்பக்கம் திரும்பும். சமதரையிலும் மேட்டிலும் இது சரி.

இறக்கத்தில் கதை தலைகீழ். அங்கே எஞ்சின் சில்லைத் தள்ளுவதில்லை; பெட்டியின் பாரம்தான் மெசினைக் கீழே தள்ளுகிறது, எஞ்சின் அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த நிலையில் இடது பிடியை அழுத்தினால், எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்ட இடது சில்லு வேகமாக உருளும். வலது சில்லு இன்னும் எஞ்சினின் பிடியில் மெதுவாகவே போகும். மெசின் வலப்பக்கம் திரும்பும். ஓட்டுபவர் என்ன செய்வார்? இடப்பக்கம் திரும்பவில்லையே என்று இன்னும் இறுக்கி அழுத்துவார். வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும் மெசின் இன்னும் வலப்பக்கம் வெட்டும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது வாய்க்காலுக்குள் பெட்டியோடு குடைசாய்ந்து கிடக்கும் பல மெசின்களுக்கு நடந்தது இதுதான்.

மலைநாட்டில் ஓட்டுபவருக்கு இது வாரத்துக்குள் பழகிவிடும். நம் பக்கம் தரை சமதரை. இறக்கம் என்று இருப்பவை குளக்கட்டின் சரிவு, வாய்க்கால் பாலத்தின் தலை, வீதியிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை, லொறியிலிருந்து மெசினை இறக்கும் பலகை இவ்வளவுதான். ஒவ்வொன்றும் பத்தடி, இருபதடி. நாள் முழுதும் ஒரு விதமாகப் பழகிய கைக்கு, அந்தப் பத்தடியில் மட்டும் மாற்றிச் செய்யச் சொல்ல முடியாது. அதனால் "இறக்கத்தில் எதிர்ப் பிடியை அழுத்து" என்று படிப்பிப்பதை விட, "இறக்கத்தில் எந்தப் பிடியையும் தொடாதே" என்று படிப்பிப்பது நல்லது. இறங்குமுன் மட்டத்தில் நிறுத்தி, முதலாம் கியருக்கு மாற்றி, அக்சிலேட்டரைக் குறைத்து, கைபிடியை உடம்பால் தள்ளியே திசை பிடிக்க வேண்டும். இடையில் கிளச்சை விடக்கூடாது, கியரை மாற்றக்கூடாது. நியூட்ரலில் இறக்குவது டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. பத்தடியில் மிச்சமாகும் டீசல் ஒரு தேக்கரண்டி வராது.

லொறியில் ஏற்ற வேண்டியிருந்தால் பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்கக்கூடாது. முன்னோக்கி ஏற்றி, பின்னோக்கி இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாரமான எஞ்சின் எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்கும். ஆனால் அப்போது ஓட்டுபவர் பலகையின் அடிப்பக்கம் நிற்பார். ஆகவே பலகை நீளமாக இருக்க வேண்டும்.  பலகையின் தலையை லொறியோடு கட்டவும் வேண்டும். கட்டாத பலகை சில்லு ஏறும்போது பின்னே வழுக்கும்.

வேகக் கியரில் வீதியில் போகும்போது திருப்பும் பிடியை அழுத்துவதும் ஆபத்துதான். ஒரு சில்லின் வலு சட்டென அறும்போது கைபிடி பக்கவாட்டில் வீசி அடிக்கும். பெட்டியின் முன்பலகையில் இருப்பவரின் நெஞ்சில் அல்லது முழங்காலில் அது விழும்.

பெட்டியும் பிறேக்கும்

ஒரு கணக்குப் பார்க்கலாம். நெல் மூடை ஒன்று 65 கிலோ என்றால் 25 மூடை 1,625 கிலோ. பெட்டி ஏறத்தாழ 350 கிலோ, மெசின் 500 கிலோ. மொத்தம் இரண்டரைத் தொன். பெட்டியின் பிறேக் வேலை செய்யாவிட்டால் நிறுத்தும் சக்தி மெசினின் இரண்டு சில்லுகளுக்கு மட்டும்தான். கொழுக்கியில் விழும் பாரத்தையும் சேர்த்தால் அந்தச் சில்லுகளின் மேல் இருப்பது மொத்த நிறையில் நான்கிலொரு பங்கு வரும். காய்ந்த தரையில், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில், கை பிறேக்கை எட்டும் ஒரு செக்கனில் நான்கு மீற்றர் போகும், பிறகு நிற்க இன்னும் ஆறு மீற்றர். எல்லாச் சில்லுக்கும் பிறேக் இருந்தால் அந்த ஆறு, ஒன்றரையாகும்.

சரிவில் இது இன்னும் மோசம். ஆறடிக்கு ஓரடி இறங்கும் குளக்கட்டுச் சரிவில், கீழே இழுக்கும் விசை அந்த இரண்டு சில்லுகளால் பிடிக்கக்கூடிய விசையை விட அதிகம். சில்லு பூட்டினாலும் மெசின் வழுக்கிக்கொண்டு இறங்கும், நின்றுவிடாது. ஓட்டுபவரின் திறமை இங்கே எதையும் மாற்றாது.

ஆனாலும் பெட்டியில் காற்பிறேக் வைத்துத்தான் செய்கிறார்கள். அதன் கம்பி சேறு பிடித்து இறுகும், பிறேக் கட்டை தேயும், ஒரு போகத்தில் யாரோ கழற்றி வைப்பார்கள், பிறகு பூட்டுவதில்லை. போகத்துக்கு ஒரு தடவை வெறும் பெட்டியைக் கொழுவி, மிதியை அழுத்தி, இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பூட்டுகின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒன்று மட்டும் பூட்டினால் பெட்டி அந்தப் பக்கம் இழுத்து, மெசினை மடக்கும்.

கொழுக்கி ஆணியையும் பாருங்கள். தொலைந்த ஆணிக்குப் பதில் வெட்டிய கம்பித் துண்டு, பூட்டுக் கம்பி இல்லை என்பது சாதாரணக் காட்சி. பள்ளத்தில் குலுங்கும்போது ஆணி மேலே எழும். கழன்றால் பெட்டியின் முன்பக்கம் தரையில் குத்தும். அதில் இருக்கும் ஓட்டுபவர் முன்னே வீசப்படுவார், மெசின் ஆளில்லாமல் போகும்.

ரொட்டவேட்டர்

காலும் விரலும் போவது அதிகமாக இங்கேதான். சிறிய ரொட்டவேட்டரின் தண்டில் 16 முதல் 20 வரை வளைந்த கத்திகள் இருக்கும். தண்டு நிமிடத்துக்கு 200 முதல் 300 தடவை சுற்றும். செக்கனுக்கு மூன்று முதல் ஐந்து சுற்று. ஒரு கத்தி கடந்து அடுத்தது வருவதற்குள் காலை எடுக்க முடியாது.

வெள்ளாமை வெட்டிய வயலில் வைக்கோல் கிடக்கும். அது தண்டில் சுற்றும். சுற்றியதும் கத்தி மண்ணுக்குள் இறங்காது, மெசின் மிதக்கத் தொடங்கும். இப்போது எஞ்சினை நிறுத்தி வைக்கோலை அறுக்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் மறுபடி கைச்சுற்றில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அது வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று செய்யும் வேலை. ஆகவே எஞ்சின் ஓட, கியரை மட்டும் விட்டு, காலால் வைக்கோலை மிதித்துத் தள்ளுகிறார்கள். தேய்ந்த கியரில் லீவர் நியூட்ரலில் நின்றாலும் பல் உரசி தண்டு அரைச் சுற்றுச் சுற்றும். அரைச் சுற்றே போதும்.

தீர்வு பேச்சில் இல்லை, பொருளில் இருக்கிறது. பெட்டரி ஸ்டார்ட் உள்ள மெசினில் ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தத் தயங்கமாட்டார். அது இல்லாத மெசினில் ஒரு பழைய தாக்கத்தியை வளைத்து, மூன்றடிக் கம்பில் கட்டி கைபிடியில் செருகி வைக்கலாம். வைக்கோலை அறுக்கக் காலும் கையும் உள்ளே போக வேண்டியதில்லை. அப்போதும் எஞ்சின் நிற்க வேண்டும். உழுமுன் வைக்கோலைப் பரப்பிக் காயவிட்டால் சுற்றுவதும் குறையும். அறுவடை மெசின் கொட்டிய வரிசையிலேயே இறக்கினால் இருபது அடிக்கொரு தடவை நிற்க வேண்டி வரும்.

அடுத்தது பின்னோக்கி எடுப்பது. வரம்பு மூலையில் திரும்ப இடமில்லாமல் ரிவேர்ஸ் போடும்போது கத்திகள் சுற்றிக்கொண்டிருந்தால், அவை ஓட்டுபவரை நோக்கியே வரும். கைபிடி மேலே கிளம்பும், ஆள் சேற்றில் மல்லாந்து விழுவார், கால்கள் கத்தியின் முன்னே நீட்டிக் கிடக்கும். இதனால்தான் ரிவேர்ஸ் விழுந்தால் ரொட்டவேட்டர் விழாதபடி கியர்ப் பெட்டிக்குள் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். தேய்ந்த தடுப்பு வேலை செய்யாது. வேலை மெனக்கெடுகிறது என்று கழற்றிவிட்ட மெசின்களும் ஓடுகின்றன. வாங்கும்போதோ வாடகைக்குப் பிடிக்கும்போதோ எஞ்சினை நிறுத்தி வைத்து இரண்டு லீவரையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் விழுந்தால் அந்த மெசினை வயலில் இறக்கக்கூடாது.

பின்னால் வரம்போ, பனையோ, கம்பி வேலியோ இருக்க ரிவேர்ஸ் எடுப்பவர் கைபிடிக்கும் அதற்கும் இடையே நசுங்குவார். அந்நேரம் ஒருவர் இயல்பாகச் செய்வது கைபிடியை இறுகப் பிடிப்பது. பிரதான கிளச் லீவர் அந்தப் பிடியில் எட்டாது. கையை விட்டால் தானாக நிற்கும் பிடி ஐரோப்பாவில் விற்கும் இவ்வகை மெசின்களுக்குக் கட்டாயம். இங்கே ஓடுபவற்றில் அது கிடையாது.

பக்கத் தகட்டையும் பின் பலகையையும் சேறு அடைக்கிறது என்று வெட்டி எடுப்பது இன்னொரு வழக்கம். அவை சேற்றைத் தடுக்க மட்டும் உள்ளவை அல்ல. வெறுங்காலோடு பின்னால் நடப்பவர் வழுக்கும்போது கால் முதலில் முட்டுவது அந்தத் தகட்டில்தான். சேற்றில் சப்பாத்துப் போட முடியாது என்பது உண்மை; ஆகவே தகடு இன்னும் முக்கியம்.

கைச்சுற்று

டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் 20க்கு அண்மையில். பிஸ்டன் மேலே வருமுன் எரிந்துவிட்டால் பிளைவீல் பின்னோக்கி உதைக்கும். பெருவிரல் கைச்சுற்றுக் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், பெருவிரலும் கூட. அப்போது கம்பி உதைத்தாலும் கையிலிருந்து தெறித்துப் போகும். இடது கையால் அழுத்தம் விடும் லீவரைப் பிடித்து, வலது கையால் நன்றாக வேகம் ஏற்றி, வேகம் வந்த பிறகே லீவரை விட வேண்டும். பாதி வேகத்தில் விடுவதால்தான் உதை வருகிறது.

பாதி வேகத்தில் விட்டால் எஞ்சின் தலைகீழாகவும் ஓடத் தொடங்கலாம். புகை சைலன்சரில் வராமல் காற்று வடிகட்டியில் வந்தால் அதுதான் நடக்கிறது. அப்போது கைச்சுற்றுக் கம்பி கழராமல் எஞ்சினோடு சேர்ந்து சுழலும். கிட்டப் போய்ப் பிடிக்கக்கூடாது. பக்கத்தில் நின்று டீசலை அடைத்து, அழுத்தம் விடும் லீவரை அழுத்துங்கள்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது பெல்ட் செக்கனுக்குப் பத்து மீற்றருக்கு மேல் ஓடுகிறது. சாரத்தின் நுனி, சேலை முந்தானை, சால்வை எது பட்டாலும் ஆளையும் சேர்த்துத்தான் இழுக்கும். மூடியைக் கழற்றியவர்கள் பூட்டுங்கள். தண்ணீர் பம்பிக்கு ஓட்டும்போது மெசின் நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓடும், பிள்ளைகள் சுற்றி வருவார்கள். அந்நேரம் நாலு தடியாவது நட்டுக் கயிறு கட்டலாம்.

ஆள் ஏற்றுவதும் வெள்ளமும்

பெட்டியின் விளிம்பில், கொழுக்கிக் கம்பியில், மூடைகளின் மேல் என்று ஆட்கள் ஏறுவதற்கு மாற்று வழி பல வட்டைகளுக்கு இல்லை. பஸ் போகாத பாதை. அதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். கொழுக்கிக் கம்பியில் மட்டும் யாரையும் நிற்கவிடாதீர்கள். அங்கிருந்து வழுக்குபவர் விழும் இடம் பெட்டிச் சில்லின் முன்னால். இரவில் பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ஒளித்தெறி ஒட்டியிருக்க வேண்டும். கல்முனைப் பக்கம் வேகமாக வரும் வாகனத்துக்கு, விளக்கில்லாத நெல் பெட்டி கடைசி நேரத்தில்தான் தெரியும்.

வெள்ளம் வேறு விஷயம். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து, மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். உழவு மெசின் பாரமானது, தண்ணீர் அதை அசைக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மெசின் பாரமானது சரி, பெட்டி அப்படியல்ல. எட்டடிக்கு நாலரையடிப் பெட்டியின் தட்டுக்கு மேல் தண்ணீர் ஏறும் ஒவ்வோர் அங்குலமும், உள்ளே தண்ணீர் புகும்வரை, அதை ஏறத்தாழ 85 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது. ஐந்து அங்குலம் ஏறினால் வெறும் பெட்டியின் நிறைக்கு மேலான தூக்கு வந்துவிடும். சில்லு தரையை அழுத்தாதபோது பக்கவாட்டுத் தள்ளலைப் பிடிக்க எதுவும் இல்லை. ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அந்தத் தள்ளல் நான்கு மடங்காகிறது. பெட்டி பக்கம் விலகியதும் மெசினையும் இழுத்துச் சாய்க்கும். வீதியின் விளிம்பும் அரிப்பும் தண்ணீருக்குள் தெரிவதில்லை. தட்டை எட்டும் ஓடும் தண்ணீருக்குள் பெட்டியோடு இறங்கக்கூடாது. ஆட்களோடு என்றால் சில்லின் அச்சை எட்டும் தண்ணீரே அதிகம்.

ஏன் இந்த அவசரம்

போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்பு முடிக்கும் திகதியும் தீர்மானமாகும். சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீரானாலும் உன்னிச்சை, நவகிரிக் குளத் தண்ணீரானாலும் முறை வரும் நாளில் உழுதாக வேண்டும். ஒரு வட்டையின் எல்லாக் காணிக்கும் ஒரே கிழமையில் மெசின் தேவை. ஓட்டுபவருக்குக் கூலி ஏக்கர் கணக்கில். நிறுத்தி வைக்கோல் அறுக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கூலியில் வெட்டு. இரவு பத்து மணிக்கு ஒற்றை லைட்டில் உழுபவரிடம் கவனம் பற்றிப் பேசுவதை விட, வைக்கோல் அதிகமுள்ள காணிக்கு ஏக்கர்க் கூலியைக் கூட்டுவதும், இரண்டாவது ஆளை வைப்பதும் பலன் தரும். அந்தச் செலவு காணி வைத்திருக்கும் போடியார்மாருக்குப் பிடிக்காது. ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கை உழவு இயந்திரத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி1 என்ற தனி வகுப்பே இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கிடையாது. வயலுக்குள் யாரும் கேட்பதில்லை என்பதால் பதினான்கு வயதுப் பிள்ளையும் பிடிக்கிறான்.

அடிபட்ட பின்

கால் கத்திக்குள் சிக்கினால் முதல் வேலை டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்துவது. ரிவேர்ஸ் போட்டு எடுக்க நினைப்பது காலை இரண்டாவது முறை வெட்டுவதாகும். பெல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு லீவரையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தண்டைக் கையால் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். கத்தி ஆழமாகக் குத்தி நின்றால் இழுக்காதீர்கள். அதன் நட்டைக் கழற்றி, கத்தியோடு சேர்த்தே வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம். அதற்குச் சரியான ஸ்பெனர் மெசினிலேயே இருக்க வேண்டும், வாடியில் அல்ல.

இரத்தத்துக்குச் சுத்தமான துணியால் நேராக அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வழி. அதற்கும் நிற்காமல் பாய்ந்தால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீனில் கட்டி, அந்தப் பொலித்தீனை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்கவும். விரலில் ஐஸ் நேராகப் படக்கூடாது.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வட்டைக்கு வீதிப் பெயர் கிடையாது. வாய்க்கால் இலக்கத்தையும் கிட்டிய கோயில் அல்லது பள்ளிவாசலையும் சொல்லி, ஒருவரை மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள். பாதை அம்பியூலன்சுக்கு ஆகாது என்றால் அந்தச் சந்திவரை நீங்கள் கொண்டுவர வேண்டும்.

சேற்றுக் காயத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மஞ்சளோ கோப்பித்தூளோ வேண்டாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கட்டாயம். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி கிழக்கு மாகாண வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. சிறு காயத்தாலும் உள்ளே போகும். சாதாரணமாக மூன்று வாரத்துக்குள், சில வேளை மாதங்கள் கழித்து, காய்ச்சல், சளி, ஆறாத கட்டி என்று வரும். நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து மிக அதிகம். வழமையாகக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு அது அடங்காது. ஊசி மருந்தும் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் தேவை. காயம் ஆறிய பிறகு காய்ச்சல் வந்தாலும் "வயல் சேற்றில் வெட்டுப்பட்டது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் டெங்குவைத்தான் தேடுவார்.

நட்டஈடு விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வயலுக்குப் பொருந்தாது, எனவே வயலில் அடிபட்டவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேறு. ஒருவரின் தொழிலுக்காகக் கூலிக்கு வேலை செய்தபோது ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு. 2022 திருத்தத்தின்படி அதிகபட்சத் தொகை 20 இலட்சம் ரூபாய். தன் காணியில் தன் மெசினை ஓட்டியவருக்கு இது கிடைக்காது. கூலிக்கு ஓட்டியவர் யாருக்காக, எந்தத் திகதியில் வேலை செய்தார் என்று காட்ட வேண்டும். கூலிக் கணக்குக் கொப்பியும், அன்றைய வைத்தியசாலை அனுமதி அட்டையில் "உழவு இயந்திர விபத்து" என்று எழுதப்பட்டிருப்பதும் அங்கே பேசும். "தவறி விழுந்தது" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். ஆகவே அனுமதிக்கும் நேரத்திலேயே, கூடப் போனவர் நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதுவிக்க வேண்டும்.